ஊட்டியில் பிறக்கப்போகும் குழந்தைக்குக் குல்லாவும் காலுறையும்: யோசனை சொல்லுங்கள்

வணக்கம் அக்காக்களே, தங்கைகளே.

என் தங்கைக்கு டிசம்பரில் பிரசவம். ஊரோ ஊட்டி. அந்த மாதத்தில் அங்கே உறைபனி விழும். அதனால் குழந்தைக்கு என் கையாலேயே குல்லா, காலுறை, சின்னப் போர்வை பின்னித் தர ஆசை.

குல்லாவைத் தொடங்கிவிட்டேன். பிறந்த குழந்தையின் தலைச் சுற்றளவு சுமார் 35 செ.மீ. இருக்கும். பின்னல் இழுபடும் என்பதால் 33 செ.மீ. வருமாறு 4 மி.மீ. ஊசியில் 72 கண்ணி (ஊசியில் ஏற்றும் நூல் வளையம்) போட்டிருக்கிறேன். விளிம்பு இரண்டுக்கு இரண்டு ரிப், அதாவது இரண்டு நேர்க்கண்ணி, இரண்டு எதிர்க்கண்ணி என்று மாறி மாறி வரும், நன்றாக இழுபடும் பின்னல். உச்சியில் எட்டுப் பகுதியாகப் பிரித்துக் கண்ணிகளைக் குறைக்கலாமா, இல்லை வேறு வழியில் மேல்பக்கம் இன்னும் வழவழப்பாக வருமா?

அடுத்தது நூல். கம்பளி நல்ல சூடு, ஆனால் சில வகை குழந்தையின் தோலை உறுத்தும். அக்ரிலிக் துவைக்கச் சுலபம், வியர்வையைத்தான் உறிஞ்சாது. மலைக்குளிருக்குப் பருத்தி மட்டும் போதுமா? மெரினோ என்கிற மென்மையான கம்பளியைப் பயன்படுத்தியவர்கள் இருந்தால், துவைத்த பிறகு சுருங்கியதா என்று சொல்லுங்கள்.

அப்புறம் காலுறை. குழந்தை உதைத்தால் கழன்றுவிடுகிறது என்கிறார்கள். கயிறு, ரிப்பன் கோக்க எனக்கு மனமில்லை; அவிழ்ந்து விரலிலோ கழுத்திலோ சுற்றினால் ஆபத்து. ஓட்டைப் பின்னலும் வேண்டாம், குட்டி விரல் மாட்டிக்கொள்ளும். கணுக்காலுக்கு மேல் ரிப் எவ்வளவு உயரம் வைத்தால் காலில் நிற்கும்? பின்னிப் பார்த்தவர்கள் அளவோடு சொன்னால் பெரிய உதவி. படம் இருந்தால் அதையும் போடுங்கள்.