குண்டு பல்பில் வெற்றிடம் போதாதா? ஆர்கான் எதற்கு?

கேள்வி:
டங்ஸ்டன் இழை எரிந்துபோகாமல் இருக்க ஆக்சிஜன் அதை அண்டக் கூடாது என்பது புரிகிறது. அதற்குப் பல்பினுள் இருக்கும் காற்றை வெளியேற்றிவிட்டாலே போதுமே. எடிசனின் 1879-ஆம் ஆண்டு விளக்கு அப்படித்தான் இருந்தது. பிறகு ஏன் ஆர்கானை நிரப்புகிறார்கள்? வாயு இருந்தால் அது இழையின் வெப்பத்தைக் கண்ணாடிக்குக் கொண்டுபோய் மின்சாரத்தை வீணாக்காதா?

மறுமொழி 1:
வீணாக்கத்தான் செய்கிறது. அந்த இழப்பைப் பொறுத்துக்கொண்டு வாயுவை நிரப்புவதற்குக் காரணம் ஆவியாதல். ஏறத்தாழ 2,500 டிகிரி செல்சியசில் ஒளிரும் இழையிலிருந்து டங்ஸ்டன் அணுக்கள் இடைவிடாமல் வெளியேறுகின்றன. வெற்றிடத்தில் அவற்றைத் தடுக்க எதுவும் இல்லாததால் நேரே சென்று கண்ணாடியில் கறுப்பாகப் படிகின்றன. இழை மெலிந்து, மிக மெலிந்த இடத்தில் அறுந்துவிடுகிறது. வாயு நிரம்பியிருந்தாலோ, வெளியேறும் அணுக்களில் பெரும்பகுதி வாயு அணுக்களோடு மோதி இழைக்கே திரும்பிவிடுகின்றன. ஆகவே அதே ஆயுளுக்கு இழையை இன்னும் சூடாக எரியவிடலாம். சூடு கூடக் கூட, செலவாகும் மின்சாரத்தில் ஒளியாக மாறும் பங்கும் கூடும்.

வெப்ப இழப்பைக் குறைக்கும் வழியையும் ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வகத்தைச் சேர்ந்த இர்விங் லாங்மியூர் 1913-ஆம் ஆண்டுவாக்கில் கண்டறிந்தார். சூடான இழையைச் சுற்றி அசையாத மெல்லிய வாயுப் படலம் ஒன்று நிற்கிறது என்றும், இழையின் தடிமனைவிட நீளமே இழப்பைப் பெரிதும் தீர்மானிக்கிறது என்றும் அவர் கண்டார். நீண்ட இழையைச் சுருளாகச் சுற்றினால், வாயுவைப் பொறுத்தவரை அது குட்டையான தடித்த கம்பி ஆகிவிடுகிறது. என் கருத்தில், வாயுவைவிடச் சுருள்தான் இதில் பெரிய சாதனை.

மறுமொழி 2:
லாங்மியூர் முதலில் நிரப்பியது நைட்ரஜனை. அதைவிடக் கனமான ஆர்கான் வெப்பத்தைக் குறைவாகக் கடத்துவதால் பின்னர் அதுவே முதன்மை வாயுவானது. ஆனால் தனி ஆர்கானில் இழையின் இரு முனைகளுக்கும் இடையே மின்வில் (வாயுவின் வழியே தாவிப் பாயும் மின்சாரம்) எளிதில் பற்றிக்கொள்ளும் என்பதால், இன்றும் சிறிதளவு நைட்ரஜனைக் கலக்கிறார்கள். மிகக் குறைந்த வாட் பல்புகளில் வெப்ப இழப்பு ஆதாயத்தை விழுங்கிவிடும். அவற்றுக்கு நீங்கள் சொல்லும் வெற்றிடமே ஏற்றது.

கேட்டவர்:
அப்படியானால் ஆர்கானைவிடக் கனமான கிரிப்டானையே எல்லாவற்றிலும் நிரப்பலாமே?

மறுமொழி 2:
நிரப்பலாம், பயனும் கூடும். ஆனால் காற்றில் ஆர்கான் 0.93 விழுக்காடு இருக்க, கிரிப்டான் பத்து லட்சத்தில் ஏறத்தாழ ஒரு பங்கே இருப்பதால், அதன் விலை சாதாரண பல்புக்குக் கட்டுப்படியாகாது.

மறுமொழி 3:
பழைய குண்டு பல்பைப் போலவே தோன்றும் எல்இடி இழை விளக்குகளில் இந்தக் கணக்கு தலைகீழாகிறது. எல்இடிக்குச் சூடே எதிரி என்பதால், ஆர்கானைப் போல ஏறக்குறைய எட்டு மடங்கு வெப்பம் கடத்தும் ஹீலியத்தை நிரப்பி, உள்ளிருக்கும் வெப்பத்தைக் கண்ணாடி வழியே வெளியேற்றுகிறார்கள்.