நாயோடு தெரபி: உங்கள் பிள்ளைக்கு எப்படி இருந்தது?

தண்டையார்பேட்டை அம்மா:
என் மகனுக்கு ஒன்பது வயது, ஆட்டிசம். அவன் போகும் சென்டருக்கு ஒரு லாப்ரடார் வருகிறது. ஆரம்பத்தில் நாயின் முகத்தைக்கூடப் பார்க்க மாட்டான், கழுத்துப்பட்டையில் இருக்கும் வளையத்தைச் சுண்டிக்கொண்டே இருப்பான். தெரபிஸ்ட் அவசரப்படுத்தவில்லை. பிரஷ்ஷைக் கையில் கொடுத்து முதுகை வாரச் சொன்னார். பத்து எண்ணியதும் நிறுத்திவிட்டு அடுத்த பிள்ளையிடம் கொடுக்க வேண்டும். நாய்க்கு பிஸ்கட் போட ஆசைப்பட்டால் படக் கார்டை நீட்டிக் கேட்க வேண்டும். வீட்டில் எதற்குமே காத்திருக்காத பிள்ளை, அங்கே கையை மடியில் வைத்துக்கொண்டு தன் முறைக்குக் காத்திருக்கிறான். ஒருநாள் நாயைப் பார்த்து "வா" என்றான். என்னை இன்னும் அப்படிக் கூப்பிட்டதில்லை. கொஞ்சம் பொறாமைதான்!

இதனால் ஆட்டிசம் குணமாகிவிடும் என்று யாராவது சொல்லிப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். ஸ்பீச் தெரபி, ஓ.டி. (அன்றாட வேலைகளைப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபி) எதையும் நாங்கள் நிறுத்தவில்லை.

பெரம்பூர் அப்பா:
எங்கள் பாப்பா நேர்மாறு, சிஸ்டர். நாய் குரைத்தாலே காதைப் பொத்திக்கொண்டு அழுவாள். முதலில் போன இடத்தில், பழகட்டும் என்று நாயைப் பக்கத்திலேயே கொண்டுவந்து விட்டார்கள். அதோடு அங்கே போவதை விட்டுவிட்டோம். இப்போது போகும் இடத்தில் நாய் அறையின் அந்தக் கோடியில் படுத்திருக்கும், பாப்பாவாக நகர்ந்து போனால்தான் உண்டு. ஒருமுறை நாய் கொட்டாவி விட்டு உதட்டை நக்கியது. தூக்கம் வருகிறது போல என்று நினைத்தேன். "இல்ல சார், அதுக்கு டென்ஷன்" என்று சொல்லி, நாயைக் கூட்டிவரும் ஹேண்ட்லர் உடனே வெளியே கூட்டிப்போய்விட்டார். நாயின் முகத்தையே படிக்கிற ஆள் பிள்ளையையும் கவனிப்பார் என்ற நம்பிக்கை வந்தது. புதிதாகப் போகிறவர்கள் நாயின் தடுப்பூசி அட்டையையும் கேட்டு வாங்கிப் பாருங்கள், கூச்சப்படாதீர்கள்.

1960களிலேயே போரிஸ் லெவின்சன் என்ற அமெரிக்க உளவியலாளர், தன் நாய் ஜிங்கிள்ஸ் பக்கத்தில் இருந்தால் ஒதுங்கியே இருக்கும் பிள்ளைகளும் நெருங்கி வருவதைக் கவனித்து எழுதியிருக்கிறாராம்.

ஒரு சந்தேகம். தெரு நாய்களை எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

தண்டையார்பேட்டை அம்மா:
அதுதான் பெரிய தலைவலி, பிரதர். எங்கள் தெருவில் மீன் கூடை வந்தாலே நாய்கள் கூடிவிடும். இவன் எல்லாவற்றையும் தடவப் போக ஆரம்பித்தான். தெரபிஸ்டிடம் சொன்னதும் இரண்டு படம் போட்ட கார்டு செய்து கொடுத்தார்: கயிறும் ஆளும் இருந்தால் கேட்டுவிட்டுத் தொடலாம், கயிறு இல்லையென்றால் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். வாசல் கதவில் ஒட்டியிருக்கிறேன். அப்படியும் கீறல் பட்டால் குழாயைத் திறந்துவிட்டு சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, நேராக ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குப் போய் நாய்க்கடி ஊசி போட்டுவிடுங்கள். சின்னக் கீறல்தானே என்று விடக் கூடாது.

கார்டு யாருக்காவது வேண்டுமென்றால் சொல்லுங்கள், போட்டோ எடுத்துப் போடுகிறேன்.