நோயாளி முன்னால் அழுதுவிட்டேன், தப்பா?

நைட்டூட்டி: காரைக்குடிப் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸ், சேர்ந்து ஒன்றரை வருஷம். போன வாரம் ஒரு ஆச்சி, கல்லீரல் புற்றுநோய், பதினோரு நாள் என் வார்டில் இருந்தார்கள். டிரிப்ஸ் மாற்றப் போனாலே "சாப்பிட்டியா ஆத்தா?" என்பார்கள். கடைசி ராத்திரி "நான் வீட்டுக்குப் போயிருவேன்ல?" என்று கேட்டதும் எனக்குப் பொலபொலவென்று கண்ணீர் வந்துவிட்டது, மகன் பார்த்துவிட்டார். மறுநாள் இன்சார்ஜ் சிஸ்டர் எல்லார் முன்னாடியும் திட்டி, மனசைக் கல்லாக்கிக்க என்றார். ஊசி போடச் சொல்லித்தந்தார்கள், இதற்கு யாரும் எதுவும் சொல்லித்தரவில்லையே?

பழையசிஸ்டர்: 22 வருஷ சர்வீஸ். கண் கலங்குவது தப்பில்லைம்மா, ஆச்சி உன்னைத் தேற்றவேண்டி வந்தால்தான் தப்பு. அந்தக் கேள்விக்குப் போவீங்க என்று பொய்யும் வேண்டாம், போட்டு உடைக்கவும் வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து "வீட்டு ஞாபகமா ஆச்சி?" என்று கேள், அவர்களே பேசுவார்கள். எத்தனை நாள் என்று நேராகக் கேட்டால் டாக்டரைக் கூட்டி வா. அப்புறம், கடைசியில் தொண்டை கரகரக்கும், சொந்தக்காரர்கள் பதறுவார்கள். ஒருக்களித்துப் படுக்கவைத்துவிட்டு, அந்தச் சத்தம் அவருக்குப் பெரும்பாலும் தெரியாது என்று சொல்லு. பால் ஊற்றணும் என்று நிற்பார்கள், முழுங்க முடியாதவருக்கு ஊற்றினால் புரையேறும். சண்டை போடாதே, பஞ்சில் நனைத்து உதட்டில் தொட்டுவைக்கக் கொடு.

கறார்பேர்வழி: இன்சார்ஜ் பேச்சிலும் நியாயம் இருக்கு. ஒரே ஆளாக வார்டு முழுக்கப் பார்க்கிறவள் ஒரு கட்டில் பக்கமே உடைந்து போனால் மற்றவர்கள் கதி?

பழையசிஸ்டர்: உடையச் சொல்லவில்லை தம்பி. லண்டனில் 1967-ல் ஹாஸ்பைஸ், அதாவது சாகும் தறுவாயில் இருப்பவர்களைப் பார்த்துக்கொள்ளும் இல்லம், தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ் முதலில் நர்ஸ்தான், அப்புறம்தான் டாக்டர். சாகப்போகிறவரின் வலியில் உடம்பு, மனசு, குடும்பக் கவலை, சாமி பயம் எல்லாம் கலந்திருக்கும் என்றார் அந்தம்மா. கல்லுக்கு அதில் பாதி கேட்காது.

தேவகோட்டைமகள்: நான் நர்ஸ் இல்லை. அப்பா இழுத்துக்கொண்டிருந்தபோது மலேசியாவிலிருந்து அண்ணன் வீடியோ காலில் வந்தார். அந்த சிஸ்டர் போனை அப்பா காதோரம் பிடித்துக்கொண்டு, கை மாற்றி மாற்றி, அண்ணன் அழுது முடிக்கும்வரை நின்றார். அப்புறம் ஜன்னல் பக்கம் திரும்பி மாஸ்க்கைச் சரிசெய்த மாதிரி கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு ஒன்றும் தப்பாகத் தெரியவில்லை.

நைட்டூட்டி: அக்கா, ஆச்சி அன்றைக்கு இன்னொன்றும் சொன்னார்கள், வீட்டு இரண்டாங்கட்டு முற்றத்தில் வத்தல் காயுது, மழைக்கு முன்னாடி அள்ளச் சொல்லு என்று. சரிங்க ஆச்சி என்று மட்டும் சொன்னேன். மகனிடம் இப்போது சொல்லலாமா?

பழையசிஸ்டர்: சொல்லும்மா. கருமாதி முடியட்டும்.