மறு: மறு: ஊருணிக்காக ஓடிய கணக்கு

சிவமயம்

எல்லோருக்கும் வணக்கம்.

பினாங்கு சித்தப்பா மூன்று மடலில் கணக்குக் கேட்டுவிட்டார். ரங்கூன் வீட்டு அண்ணன் ஹூஸ்டனிலிருந்து ஊர் மானம் போயிற்று என்று எழுதிவிட்டார். நம் ஊர்க் குளமான ஊருணியைச் சீர்செய்யப் பணம் சேர்க்க லண்டன் மாரத்தான், அதாவது 42 கிலோமீட்டர் 195 மீட்டர், ஓடி முடித்துப் பத்து நாளாகிறது. மாடிப்படியை முதல் நான்கு நாளும் பின்பக்கமாகத்தான் இறங்கினேன், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு. இப்போதுதான் மனுஷி மாதிரி இறங்குகிறேன். பதில் தாமதமானதற்கு அதுதான் காரணம், கணக்கு ஒளிப்பது அல்ல.

முதலில் கணக்கு. கிலோமீட்டருக்கு ஒரு பவுண்டு என்று 30 பேர் ஒப்புக்கொண்டீர்கள். 22 பேர் 42 பவுண்டு கொடுத்தீர்கள். 7 பேர் 42 பவுண்டு 20 பென்ஸ். அந்த ஏழு பேரும் சித்தப்பா வீட்டார் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. பழக்கதோஷத்தில் மொய் மாதிரி 101 எழுதியவர் ஒருவர். ஆக மொத்தம் 1,320 பவுண்டு 40 பென்ஸ். ஓட்டத்துக்கான பதிவுக் கட்டணம், காலணி, வழிச்செலவு எல்லாம் என்னுடையது. இதில் ஒரு காசு சேரவில்லை.

195 மீட்டர் எங்கிருந்து வந்தது என்று சித்தப்பா கேட்டிருந்தீர்கள். அது அரண்மனைக் கணக்கு. 1908 லண்டன் ஒலிம்பிக்கில் வின்ட்சர் கோட்டையில் புறப்பட்டு, மைதானத்தில் அரச குடும்பம் உட்கார்ந்திருந்த இடத்துக்கு முன்னால் முடிகிற மாதிரி வைத்தார்கள். அந்தத் தூரத்தையே 1921-இல் எல்லோருக்கும் பொதுவாக்கிவிட்டார்கள். ராஜா வீட்டு வசதிக்காக நான் 195 மீட்டர் கூடுதலாக நொண்டினேன்.

இந்தப் பணம் முழுவதும் ஏன் ஊருணிக்குப் போகவில்லை என்பதுதான் பெரிய கேள்வி. நம் ஊர்ச் சங்கத்துக்கு வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி, அதாவது 2010-ஆம் வருஷத்து எஃப்.சி.ஆர்.ஏ.படி, பதிவு கிடையாது. பதிவு இருந்தாலும் 2020 திருத்தத்துக்குப் பிறகு டெல்லி ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளைக் கணக்கில்தான் அந்தப் பணத்தை வாங்க வேண்டும். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டுப் பணம் ஆகாது. குடியுரிமை மாற்றிக்கொண்டவர் கொடுத்தால் ஆகும், வெளிநாட்டுக் குடிமக்களான இந்திய வம்சாவளியினருக்குக் கொடுக்கிற ஓ.சி.ஐ. அட்டை இருந்தாலும் சரி. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். இந்தச் சட்டத்தை முதலில் எடுத்துக் காட்டியதே சித்தப்பாதான். பிறகு அவரே "ஏன் பிரித்தாய்?" என்று கேட்டால் நான் என்ன செய்வது?

அதனால் இந்தியப் பாஸ்போர்ட் உள்ள 17 பேர் தலைக்கு 42 வீதம் 714 பவுண்டை, என் கை படாமல், அவரவர் கணக்கிலிருந்து நேரே சங்கத்துக்கு அனுப்பினார்கள். சுமார் 80,000 ரூபாய். மீதி 13 பேருடைய 606 பவுண்டு 40 பென்ஸ் இங்கே பதிவு பெற்ற ஒரு குழந்தைகள் தர்ம ஸ்தாபனத்துக்குப் போனது. அதில் இந்த நாட்டில் வரி கட்டும் ஐந்து பேர் கொடுத்த 210 பவுண்டுக்கு, கிஃப்ட் எய்டு என்று அரசாங்கம் பவுண்டுக்கு 25 பென்ஸ் சேர்த்துக் கொடுத்தது. அது 52 பவுண்டு 50 பென்ஸ். "பாதிப் பணம் வெள்ளைக்காரனுக்கா?" என்று கேட்டவர்களுக்கு: ஆமாம், அங்கேயும் பிள்ளைகள்தான் இருக்கின்றன.

இனி மானம். நம் முன்னோர் போன ஊரெல்லாம் கோயில் கட்டியவர்கள், நம் வீட்டுப் பெண் தெருவில் ஓடிக் காசு கேட்பதா என்று அண்ணன் எழுதியிருந்தீர்கள். எங்கள் ஐயா தைப்பூசத்துக்குக் குன்றக்குடியில் புறப்பட்டுச் சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் வழியாகப் பழனி வரை காவடியோடு செருப்பில்லாமல் நடந்தவர். உங்கள் ஐயாவும் கூடத்தான் போனார். வழியில் யார் யாரோ கொடுத்த பானகத்தையும் சோற்றையும் வாங்கிச் சாப்பிட்டுத்தான் போனார்கள். அப்போது யாருக்கும் மானம் போகவில்லை. அரைக்கால் சட்டை என்றும் எழுதியிருந்தீர்கள். அது முழுக்கால், கறுப்பு. போட்டோவைப் பெரிதாக்கிப் பாருங்கள்.

எனக்கு 49 வயது. போன வருஷம் வரை பஸ்ஸைப் பிடிக்கக்கூட ஓடியதில்லை. குலுக்கலில் இடம் விழுந்ததும் வீட்டுக்காரர் சிரித்தார். ஜனவரியில் தொடங்கிப் பதினாறு வாரம். நெட்டோட்டம் ஞாயிற்றுக்கிழமைதோறும் 8, 12, 16 என்று ஏறி, மார்ச் கடைசியில் 32 கிலோமீட்டர். அதற்குமேல் பயிற்சியில் போகவேண்டாம் என்றார்கள். கடைசி மூன்று வாரம் குறைத்துக்கொண்டே வந்தேன். ஆறு மணி இருட்டில், மூக்கு நுனி மரத்துப் போகிற குளிரில் ஓடும்போது ஊர் வெயிலை நினைத்து ஏங்கியிருக்கிறேன். சித்திரை வெயிலைப் போய்!

ஓடும்போது சாப்பிடுவது தனிக் கலை. உடம்பில் இருக்கிற மாவுச்சத்து முப்பது கிலோமீட்டர் வாக்கில் தீர்ந்துவிடும், வழியிலேயே ஏதாவது உள்ளே போகவேண்டும் என்றார்கள். நான் பெரிய புத்திசாலி மாதிரி அப்பத்தா கைப்பக்குவத்தில் மாவுருண்டை பிடித்து எடுத்துப் போனேன். மூச்சு வாங்கும்போது மாவுருண்டையை வாயில் போட்டால் என்ன ஆகும் என்று யாரும் சோதித்துப் பார்க்க வேண்டாம். தேம்ஸ் கரையில் நின்று இருமியே செத்திருப்பேன். பிறகு பேரீச்சம்பழத்துக்கும் ஜெல் பாக்கெட்டுக்கும் மாறினேன்.

அன்றைக்குப் பிளாக்ஹீத்தில் புறப்பட்டு, கட்டி சார்க் கப்பலைச் சுற்றி, டவர் பிரிட்ஜ் வரை கூட்டமே தூக்கிக்கொண்டு போய்விட்டது. பாலம் தாண்டினால்தான் பாதித் தூரம். அங்கே ஒரு கொடுமை உண்டு. எதிர்ச் சாரியில் 35-ஆவது கிலோமீட்டரில் ஓடுகிறவர்கள் கண்ணெதிரே போவார்கள். நாம் அந்த இடத்துக்கு வர இன்னும் ஒரு சுற்று கேனரி வார்ஃப் போய்த் திரும்பவேண்டும். முப்பதில் கால் கழன்றது. மருத்துவக் கூடாரத்தில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. ஐயா சொல்வார்: "வழியில் உட்காராதே ஆத்தா, உட்கார்ந்தால் கால் கல்லாகிவிடும்." உட்காரவில்லை. நடந்தேன், ஓடினேன், நடந்தேன். 6 மணி 12 நிமிடம். இரண்டு கட்டைவிரல் நகமும் கறுத்துவிட்டன.

சரி, இப்போது நான் கேட்கிறேன். பொங்கலுக்குப் போன எங்கள் தேவகோட்டை ஆச்சி பார்த்துவிட்டு வந்து சொன்னதில்தான் இத்தனையும் தொடங்கியது. ஊருணியில் சீமைக் கருவேலம் ஆள் உயரம் நிற்கிறது, செம்புறாங்கல் படி மூன்று உள்ளே சரிந்துவிட்டது. அது பணத்தில் சரியாகும். ஆனால் அவ்வளவு மழை பெய்தும் தண்ணீர் முழங்காலுக்குக்கூட இல்லை என்றாளே, அதை யாரும் இந்தக் குழுவில் பேசவில்லை. வரத்துக்கால் அடைபட்டிருக்கிறது. பொக்லைன் வைத்து எவ்வளவு தூர் வாரினாலும் தண்ணீர் வருகிற வழி இல்லாவிட்டால் அது வெறும் பள்ளம்தான். புல வரைபடத்தை இணையத்திலேயே எடுத்துப் பார்த்தேன். கால்வாய் போகிற இடத்தின் மேலேயே இரண்டு மனை நிற்கிறது. அந்த மனைகளை விற்றது யார் என்று மானத்தைப் பற்றி எழுதிய அண்ணனுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

கீழவீட்டுப் பெண், லண்டன்

---

ஹூஸ்டனிலிருந்து:

தங்கச்சி, மனை விற்றது எங்கள் அப்பச்சி காலத்தில். பத்திரத்தில் வரத்துக்கால் என்று ஓர் எழுத்து கிடையாது. ஓட்டத்தைப் பற்றி எழுத வந்தால் ஓட்டத்தைப் பற்றி எழுது. ரங்கூனிலிருந்து உங்கள் ஐயா திரும்ப வழியில்லாமல் நின்றபோது கப்பலுக்குப் பணம் கட்டியது எந்த வீடு என்று உங்கள் அப்பத்தா இருந்தால் சொல்லியிருப்பார்கள். மற்றபடி ஓடி முடித்ததற்குச் சந்தோஷம். நகத்துக்கு விளக்கெண்ணெய் போடு.

---

பினாங்கிலிருந்து:

கணக்கு சரியாக இருக்கிறது. 42.195-க்கு 42 பவுண்டு 19.5 பென்ஸ்தான். நாங்கள் ஏழு பேரும் அரை அரை பென்ஸ் கூடுதலாகக் கட்டியிருக்கிறோம், ஆக மூன்றரை பென்ஸ். அது தர்மத்தில் கிடக்கட்டும்.

அந்த இரண்டு மனையின் சர்வே எண்ணையும் வரைபடத்தையும் குழுவுக்கு அனுப்பு, ஆத்தா. எனக்குத் தனியாக வேண்டாம், எல்லோரும் பார்க்கட்டும்.