புதுப்பிப்பு: கடிதம் எழுதச் சொன்னார்களே, எழுதினோம்

மாமியாருக்குப் பணம் அனுப்பும் பேச்சு வந்தாலே எனக்கும் கணவருக்கும் சண்டை, ஆலோசகர் கடிதம் எழுதச் சொல்கிறார், பலன் இருக்குமா என்று முன்பு கேட்டிருந்தேன்.

முதலில் கணவர் எழுதியது மளிகைக் கடைப் பற்றுக் கணக்கு மாதிரி இருந்தது. சிரித்துவிட்டேன். அப்புறம் ஆலோசகர் வேறு வழி சொன்னார்: இருவருக்கும் நல்லதே நினைக்கும் மூன்றாம் மனிதர் இந்தச் சண்டையை எப்படிப் பார்ப்பார் என்று எழுதுங்கள்.

இது அவர் கண்டுபிடித்ததில்லை. உளவியலாளர் எலி ஃபிங்கெல் குழு 2013இல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வில் 120 தம்பதிகள். பாதிப் பேர் ஆய்வின் இரண்டாம் ஆண்டில் நான்கு மாதத்துக்கு ஒருமுறை 7 நிமிடம் இப்படி எழுதினார்கள். சண்டைகள் குறையவில்லை. ஆனால் அதனால் வரும் வேதனை குறைந்தது. எழுதாதவர்களுக்குச் சரிந்ததுபோல மணவாழ்வின் நிறைவு இவர்களுக்குச் சரியவில்லை.

எங்களுக்கும் ஏறக்குறைய அப்படித்தான். "அம்மாகிட்ட இல்லைன்னு சொல்ல எனக்கு வாய் வரல" என்று கணவர் எழுதியிருந்தார். நேரில் ஒருநாளும் சொன்னதில்லை. நான் எழுதியதில் பாதியைக் கொடுக்கவில்லை, கொடுக்கவும் மாட்டேன்.

எவ்வளவு அனுப்புவது என்பது மட்டும் இன்னும் முடிவாகவில்லை.