கூடுதல் பணத்தைக் கேமராவில் போடுவதா, லென்ஸில் போடுவதா? மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டார நண்பர்களின் அனுபவப் பகிர்வு

சிப்புட் தம்பி எழுதியது:

நிக்கான் டி750 பாடியை (லென்ஸ் இல்லாத கேமராவை) வாங்கிய மறுவாரமே எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் தீமிதி வந்தது. அந்த இரவு இன்னும் மனத்தை விட்டு அகலாததால்தான் இதை எழுதுகிறேன். அதற்கு முந்தைய ஆண்டு என் அக்கா பூக்குழியில் இறங்கியபோது என் கையில் இருந்தது டி5300, அதனுடன் பெட்டியிலேயே வந்த 18-55 கிட் லென்ஸ். ஒளியுணர்வை, அதாவது ஐஎஸ்ஓவை, 6400 வரை ஏற்றியும், 55 எம்எம் முனையில் அந்த லென்ஸின் துளை எஃப்/5.6க்கு மேல் திறக்காது (எஃப் எண் குறையக் குறையத் துளை பெரிது) என்பதால் ஷட்டர் வேகம் 1/30 வினாடியில் நின்றுவிட்டது. அக்காவின் சேலையும் தலையில் இருந்த கரகமும் ஒரே மஞ்சள் புகையாகக் கலங்கியிருந்தன. முகம் எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருந்தது.

குறை கேமராவில்தான் இருக்கிறது என்று நானே தீர்மானித்துக்கொண்டு, ஓராண்டு ஓவர்டைம் பணத்தைச் சேர்த்து, ஒருவர் பயன்படுத்திய ஃபுல் ஃப்ரேம் பாடியை, அதாவது ஒளியைப் பதியும் சென்சார் பெரிதாக உள்ள அந்த டி750ஐ, ஈப்போவில் வாங்கினேன். லென்ஸுக்குப் பணம் மிஞ்சவில்லை. பழைய கிட் லென்ஸையே அதில் மாட்டினேன். குழி தயாராகி, உடுக்கைச் சத்தம் ஏறிக்கொண்டிருந்த நேரத்தில் வியூஃபைண்டரில் கண்ணை வைத்தபோதுதான் நடுவில் ஒரு சிறிய கட்டம் தெரிந்தது. அந்தக் கட்டத்துக்கு வெளியே நின்ற கூட்டம் படத்தில் விழவே விழாது. சிறிய சென்சாருக்கென்று செய்த லென்ஸ் என்பதால் கேமரா தன் சென்சாரின் நடுப்பகுதியை மட்டும் பயன்படுத்திக்கொண்டு, 24 மெகாபிக்சலை ஏறக்குறைய 10 ஆகச் சுருக்கிவிட்டது. அந்த நடுப்பகுதியின் பரப்பளவு என் பழைய டி5300 சென்சாரின் பரப்பளவுதான். துளையும் அதே 5.6, ஷட்டரும் அதே 1/30. இவ்வளவு செலவு செய்து, சென்ற ஆண்டின் மங்கல் படத்தையே சற்றுச் சிறியதாக எடுத்துக்கொண்டு வீடு திரும்பினேன்.

பிறகு வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். எஃப்/1.8 லென்ஸ் எஃப்/5.6ஐ விட ஏறத்தாழ பத்து மடங்கு ஒளியை உள்ளே விடும். பழைய டி5300இலேயே அந்த லென்ஸ் இருந்திருந்தால் 1/30 என்பது 1/250ஐத் தாண்டியிருக்கும். என் சித்தப்பா மகன் இப்போது இதே குழப்பத்தில் இருக்கிறான். உங்களில் யாருக்கு எங்கே சறுக்கியது என்று எழுதினால் அவனுக்கு அப்படியே காட்டுவேன்.

கல்லுமலைக்காரி எழுதியது:

தம்பி சொன்னது அவருடைய இரவுக்குச் சரி. ஆனால் “லென்ஸில் போடு, பாடி பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்று எல்லோரும் மந்திரம் போல ஓதுவதைக் கேட்டு நடந்தவள் நான். அதனால் எனக்கு அந்த மந்திரத்தின் மீது நம்பிக்கை இல்லை.

திருமணப் படம் எடுக்கத் தொடங்கிய காலத்தில் இருந்த சேமிப்பு முழுவதையும் 24-70 எஃப்/2.8 லென்ஸில் கொட்டினேன். பாடி மட்டும் ஒரே ஒரு மெமரி கார்டு போடும் ஆரம்பநிலை கேமரா. லென்ஸ் அருமையானது, அதைப் பற்றி ஒரு குறையும் சொல்லமாட்டேன். கெட்டிமேளம் கொட்டத் தொடங்கி, மாப்பிள்ளை தாலியை எடுத்து மணப்பெண்ணின் கழுத்தருகே கொண்டுசென்ற அந்த நொடியில் ஷட்டர் பொத்தான் நகர மறுத்தது. திரையில் கார்டு பிழை என்ற எழுத்து மட்டும் மின்னியது. கார்டைக் கழற்றி மாட்டி நிமிர்ந்தபோது அட்சதை தரையில் கிடந்தது. பெண்ணின் தாயார் என்னிடம் வந்து, “தாலி கட்டியது விழுந்திருக்குமே, அம்மா?” என்று கேட்டார். அவருக்கு நான் சொன்ன பதிலை இங்கே எழுத விருப்பமில்லை. டி750 போன்ற பாடியில் இரண்டு கார்டுகளைப் போட்டு ஒரே படத்தை இரண்டிலும் பதிய வைக்கலாம். தம்பி பணத்தை வீணடித்துவிட்டதாக வருந்துகிறாரே, அவர் வாங்கியதில் நான் பார்ப்பது அந்த இரண்டாவது கார்டு இடத்தைத்தான்.

இன்னொன்றையும் தம்பி கணக்கில் சேர்க்கவில்லை. கோயில் மண்டபங்களிலும் திருமண மண்டபங்களிலும் எரியும் மலிவான எல்இடி விளக்குகளில் பல, கண்ணுக்குத் தெரியாமல் துடித்துக்கொண்டே இருக்கும். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் ஒளி வினாடிக்கு 100 முறை ஏறி இறங்குகிறது. 1/250இல் எடுத்தால் ஒரு படம் வெளிச்சமாகவும் அடுத்தது இருண்டும் வரும்; சில படங்களில் குறுக்கே பட்டை விழும். அந்தத் துடிப்பைக் கணித்து, ஒளி உச்சத்தில் இருக்கும்போது மட்டும் ஷட்டரைத் திறக்கும் வசதி சில பாடிகளில் இருக்கிறது. கேனன் 2014இல் 7டி மார்க் 2இல் அதைக் கொண்டுவந்தது. எவ்வளவு விலை கொடுத்து லென்ஸ் வாங்கினாலும் இந்த வேலையை லென்ஸ் செய்யாது.

ஓய்வுபெற்ற வாத்தியார் எழுதியது:

இருவருடைய பதிவுகளையும் படித்தேன். என் அனுபவம் இரண்டுக்கும் நடுவில் கிடக்கிறது. லென்ஸில்தான் பணத்தைப் போட்டேன், ஆனால் அந்த லென்ஸோடு ஒத்துப்போகாத பாடியை வைத்துக்கொண்டு போட்டேன்.

எங்கள் தோட்டத்தில் ரப்பர் பால்மரங்களை அழித்துச் செம்பனை நட்டு நெடுங்காலம் ஆகிவிட்டது. கடைசியாக எஞ்சியிருந்த ஒரு லயத்தையும் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) இடிக்கப்போகிறார்கள் என்ற செய்தி வந்ததும், அந்த வாசலில் என் தாயாரை உட்கார வைத்து ஒரு நல்ல படம் எடுத்துவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். என்னிடம் இருந்தது டி3200. ஈப்போவில் ஒரு கடையில், பெயர் வேண்டாம், பழைய 50 எம்எம் எஃப்/1.8டி லென்ஸைக் காட்டி, நிக்கான் மவுண்ட்தான் (லென்ஸைப் பூட்டும் வளையம்), தாராளமாகப் பொருந்தும் என்றார்கள். பொருந்தத்தான் செய்தது. 1959இலிருந்து வரும் எஃப் மவுண்ட் ஆயிற்றே. ஆனால் அந்த ‘டி’ வகை லென்ஸுக்குள் தானாகக் குவிக்கும் மோட்டார் கிடையாது. பாடியில் இருக்கும் மோட்டார் ஒரு சிறிய திருகின் வழியாக அதைச் சுழற்ற வேண்டும். டி3200, தம்பியின் டி5300 போன்ற பாடிகளில் அந்த மோட்டாரே இல்லை. இதை நான் அறிந்துகொண்டது லயத்தின் வாசலில்.

அம்மா, தாம் பால்வெட்டுக்குப் போன காலத்து வாளியை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் அமர்ந்திருந்தார். நான் வளையத்தைக் கையால் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அறுபது வயதுக் கண்ணுக்கு அந்தச் சிறிய வியூஃபைண்டரில் எல்லாமே தெளிவாகத்தான் தெரிந்தது. வீட்டுக்கு வந்து கணினியில் திறந்து பார்த்தால், அம்மாவின் முகம் மங்கலாகவும், அவருக்கு இரண்டடி பின்னால் இருந்த தூண் மிகத் துல்லியமாகவும் இருந்தன. தூணின் பச்சைச் சாயத்தில் இருந்த வெடிப்புகளை எண்ணலாம். எஃப்/1.8இல் தெளிவாக விழும் ஆழம் எவ்வளவு குறைவு என்பதை அந்தத் தூண் எனக்குக் கற்றுக்கொடுத்தது. எஃப்/4க்கு மூடியிருந்தால், நல்ல பகல் வெளிச்சம் இருந்த அந்த நேரத்தில், ஒளிக்குக் குறை வந்திருக்காது, முகமும் இவ்வளவு மங்கியிருக்காது. அதே 50 எம்எம் 2011இலிருந்து மோட்டாருடன் எஃப்/1.8ஜி என்ற பெயரில் கிடைக்கிறது. ஓர் எழுத்துதான் வேறுபாடு. தமிழ் வாத்தியாரான எனக்கே ஓர் எழுத்து கண்ணில் படாமல் போய்விட்டது.

தம்பிக்கு ஒரு சொல்: உங்கள் டி750இல் அந்த மோட்டார் இருக்கிறது. பழைய ‘டி’ லென்ஸ்களும் அதில் தானாகக் குவியும். ஆகவே நீங்கள் வாங்கிய பாடி, மலிவான பழைய லென்ஸ்களுக்கெல்லாம் வாசலைத் திறந்துவைத்திருக்கிறது.

கோலகங்சார் மாமா எழுதியது:

என்னிடம் இருந்த நல்ல 85 எம்எம் லென்ஸைத் தோல் பையில் போட்டு அலமாரியில் வைத்தேன். எட்டு மாதம் கழித்து எடுத்துப் பார்த்தால் உள்ளே சிலந்திவலை போலப் பூஞ்சை படர்ந்திருந்தது. என் கதை இவ்வளவுதான்.

லென்ஸில் போட்ட பணம் ஆண்டுக்கணக்கில் நிற்கும், பாடியின் விலை சீக்கிரம் இறங்கிவிடும் என்று பலரும் சொல்கிறார்கள். நம் ஊர்க் காற்றில் அந்தப் பேச்சுக்கு ஒரு நிபந்தனை உண்டு. பூஞ்சை வெளியிடும் அமிலம் கண்ணாடியின் மேற்பூச்சை அரித்துவிட்டால், அதைத் துடைத்தெடுத்த பிறகும் தடம் நின்றுவிடும். அந்த லென்ஸை விற்கப்போனால் கடைக்காரர் விளக்கடியில் பிடித்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் திருப்பிக் கொடுப்பார். எனவே பாடியா லென்ஸா என்று விவாதிப்பதற்கு முன்னால், இருக்கும் பணத்தில் ஒரு பகுதியை உலர்பெட்டிக்கு ஒதுக்குங்கள். மின்சாரத்தில் இயங்கும் பெட்டியானால் ஈரப்பதத்தை 40 முதல் 50 விழுக்காட்டுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். மிகவும் உலர்த்துவதும் ரப்பர் பாகங்களுக்கு நல்லதன்று. அவ்வளவு வசதி இல்லாதவர்கள், மூடி இறுக்கமாக இருக்கும் பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல்லும் சிறிய ஈரப்பத அளவியும் போட்டு வைக்கலாம். ஜெல் நிறம் மாறியதும் சூடாக்கி உலர்த்தி மறுபடியும் பயன்படுத்தலாம். அரிசிப் பானைக்குள் வைக்கச் சொல்லும் அறிவாளிகள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அரிசித் தூசி லென்ஸுக்குள் போனால் அதற்கு வேறு வைத்தியம் பார்க்க வேண்டும். மழையில் நனைந்த பையில் கேமராவை இரவு முழுவதும் விட்டுவைக்காதீர்கள். பஞ்சு வைத்த பைதான் ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். பழைய லென்ஸ் வாங்கப் போகிறவர்கள், துளையை முழுவதும் திறந்து, பின்பக்கத்திலிருந்து கைத்தொலைபேசி விளக்கை அடித்துப் பாருங்கள். வாத்தியார் ஐயாவும் தம் 50ஐ ஒருமுறை அப்படிப் பார்த்துவிடுவது நல்லது.

செம்பனைக்காடு எழுதியது:

உலர்பெட்டியைப் பற்றி யாரும் கேட்கவில்லை, மாமா. இருந்தாலும் உண்மைதான்.

தம்பி ஃபுல் ஃப்ரேம் என்றதும் எனக்குக் கூகை ஆந்தை நினைவு வந்தது. எலிகளை அடக்குவதற்காகச் செம்பனைத் தோட்டங்களில் கம்பத்தின் மேல் கூகைப் பெட்டி வைத்திருப்பார்களே, அப்படிப்பட்ட ஒரு பெட்டிக்குக் கீழே பல மாலைகள் காத்திருந்தவன் நான். என்னிடம் இருந்தது சிறிய சென்சார் கேமராவும் 70-300 லென்ஸும். பாடியை மாற்றினால் இருட்டில் நன்றாக வரும் என்று நண்பர் ஒருவர் தம் ஃபுல் ஃப்ரேம் பாடியை இரண்டு நாள் இரவல் தந்தார். முதல் மாலையே ஏமாற்றம். சிறிய சென்சாரில் 300 எம்எம் என்பது 450 எம்எம் அளவுக்கு நெருங்கிக் காட்டிக்கொண்டிருந்தது. ஃபுல் ஃப்ரேமில் அது வெறும் 300 ஆகிவிட்டது. கூகை பெட்டியின் விளிம்பில் வந்து உட்கார்ந்து, இதய வடிவமான அந்த வெள்ளை முகத்தை நேராக என் பக்கம் திருப்பி, எலியின் வால் அலகில் தொங்க, மூன்று நான்கு வினாடிகள் என்னையே பார்த்தது. எனக்கு வாய்த்த மிக நல்ல தருணம் அதுவே. படத்தில் கூகை ஒரு கட்டைவிரல் நகம் அளவுக்குத்தான் இருக்கிறது. வெட்டிப் பெரிதாக்கினால், பெரிய சென்சாரால் கிடைத்த நன்மையும் அதோடு போய்விடுகிறது.

கல்லுமலைக்காரி அக்கா கார்டைப் பற்றிச் சொன்னது திருமணத்துக்குப் பொருந்தும். கூகை கட்டணத்தைத் திருப்பிக் கேட்காது, அதன் தாயாரும் வந்து நம்மை விசாரிக்கமாட்டார். என்னைப் போன்றவருக்குச் சிறிய சென்சார் பாடியும் 150-600 லென்ஸும்தான் கணக்கு.

சிப்புட் தம்பி மீண்டும் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. வாத்தியார் ஐயா சொன்ன ‘டி’ வகையைத் தேடிப் போய், அதே ஈப்போ கடைவீதியில் நல்ல நிலையில் ஒரு 50 எம்எம் எஃப்/1.8டி வாங்கிவிட்டேன். கைத்தொலைபேசி விளக்கடித்துப் பார்த்தேன், மாமா. உள்ளே சுத்தமாக இருக்கிறது. டி750இல் சட்டென்று குவிகிறது, அந்தத் திருகு சுழலும் சத்தம் மட்டும் தையல் இயந்திரம் போலக் கேட்கிறது.

நேற்று மாலை கோயிலுக்குப் போய், பூசாரி விளக்கேற்றும்போது எஃப்/1.8, 1/250 என்று வைத்து வரிசையாகப் பத்துப் படம் எடுத்துப் பார்த்தேன். வியூஃபைண்டரில் கட்டம் இல்லை, 24 மெகாபிக்சலும் முழுதாக வருகிறது, முகமும் தெளிவு. ஆனால் பத்தில் நான்கு படங்களில் பூசாரியின் நெற்றிக்கு மேல் பழுப்பு நிறத்தில் ஒரு பட்டை குறுக்கே ஓடுகிறது. கல்லுமலைக்காரி அக்கா சொன்ன அதே எல்இடி துடிப்பு. சென்ற ஆண்டுதான் திடலைச் சுற்றி டியூப் விளக்குகளை எல்இடிக்கு மாற்றினார்கள். 1/100க்கு இறக்கியதும் பட்டை போய்விட்டது.

எனவே தீமிதியன்று 1/100, எஃப்/2, ஐஎஸ்ஓ 3200 என்று முடிவு செய்திருக்கிறேன். அந்த வேகத்தில் குழிக்குள் ஓடுபவரின் கால்கள் கலங்கத்தான் செய்யும். அக்காவிடம் இதைச் சொன்னேன். “முகம் விழுந்தால் போதும், ஆனால் எந்தப் பக்கம் நிற்கப்போகிறாய் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடு” என்றார். குழியின் கிழக்கு மூலையில், பால்குடம் வைக்கும் மேடைக்குப் பக்கத்தில் நிற்பதாகச் சொல்லியிருக்கிறேன்.