ஒன்பதாம் வகுப்பு மகளுக்கு எட்டு மாதமாகப் பொடுகு: மருந்து போட்டால் போகிறது, விட்டால் வந்துவிடுகிறது

இரட்டைச்சடை அம்மா:

வணக்கம். என் மகளுக்கு வயது 14. சென்ற ஆடியில் தொடங்கிய பொடுகு மாசி முடிந்தும் போகவில்லை. தலை வாரினால் தோளில் கொட்டுகிறது. கருநீலச் சீருடையில் உப்பைத் தூவியதுபோல் தெரிகிறது. நெற்றியில் முடி தொடங்கும் இடம் வெளுத்திருக்கிறது. புருவத்திலும் மூக்கோரத்திலும் கொஞ்சம் செதில். இரவில் சொறிந்துகொண்டே தூங்குகிறாள்.

எலுமிச்சைச் சாறும் தயிரும் மூன்று வாரம் தேய்த்தேன். எரிகிறது என்று அழுதாள், விட்டுவிட்டேன். வெந்தயம் அரைத்துப் போட்டதில் முடி மெத்தென்று ஆனது, பொடுகு அசையவில்லை. விளம்பரத்தில் வரும் ஷாம்பு இரண்டு பாட்டில் தீர்ந்தது. பிறகு மருந்துக்கடையில் கீட்டோகோனசோல் என்ற பூஞ்சை மருந்து கலந்த ஷாம்பு கொடுத்தார்கள். அது மட்டும்தான் கேட்டது. இரண்டு வாரத்தில் முக்கால்வாசி போயிற்று. நிறுத்திய ஒரு மாதத்தில் பழையபடி வந்து உட்கார்ந்துவிட்டது. மறுபடியும் வாங்கினேன். இந்த முறை அவ்வளவாகக் கேட்கவில்லை.

தலை வறண்டுபோனதால்தான் இப்படி என்று என் மாமியார் தினமும் காலையில் தேங்காய் எண்ணெய் தடவி இரட்டைச் சடை பின்னிவிடுகிறார். பள்ளியிலும் எண்ணெய் வைத்துப் படிய வாரி, மடித்துக் கட்டித்தான் வர வேண்டும். இடுப்பு வரை முடி என்பதால் ஞாயிற்றுக்கிழமை மட்டும் தலைக்குக் குளிக்கிறாள்.

பக்கத்து வீட்டு அம்மா மொட்டை அடித்துவிடச் சொன்னது அவள் காதில் விழுந்துவிட்டது. அன்று முழுவதும் யாரிடமும் பேசவில்லை. முதல் பெஞ்சில் உட்காருபவள் கடைசி பெஞ்சுக்கு மாறிவிட்டாள் என்பதே ஆசிரியை சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. என்ன செய்யலாம்?

புதுக்குளம்:

தண்ணீரைப் பாருங்கள் அக்கா. எங்கள் வீட்டில் ஆழ்குழாய்த் தண்ணீருக்கு மாறிய பிறகு எல்லோருக்கும் முடி கொட்டுகிறது. இரவில் எண்ணெயைச் சுட வைத்துத் தேய்த்து, காலையில் குளிக்கச் சொல்லுங்கள்.

கடைத்தெரு மருந்தாளுநர்:

புதுக்குளம், உப்புத் தண்ணீரில் முடி சொரசொரப்பாகும், சோப்பு நுரைக்காது. புருவத்திலும் மூக்கோரத்திலும் செதில் வருவதற்கு அது காரணமில்லை. அம்மா எழுதியதில் எனக்கு முக்கியமாகப் பட்டது அந்த ஒரு வரிதான்.

அம்மா, மூன்று கேள்வி. ஷாம்பு போட்டு எத்தனை நிமிடம் விட்டீர்கள்? எண்ணெய் இருக்கும் தலையில் நேரடியாகப் போட்டீர்களா? குளித்த பிறகு மறுபடி எப்போது எண்ணெய் வைத்தீர்கள்?

இரட்டைச்சடை அம்மா:

போட்டவுடன் அலசிவிடுவாள் ஐயா, அரை நிமிடம் இருக்கும். மருந்து என்பதால் அதிக நேரம் வைக்கக்கூடாது என்று நானே சொல்லியிருந்தேன். எண்ணெய்த் தலையில்தான் போட்டாள். திங்கள் காலையில் வழக்கம்போல் எண்ணெய்.

கடைத்தெரு மருந்தாளுநர்:

அப்படியானால் மருந்து தோற்கவில்லை, அதற்கு வேலை செய்ய நேரமே கிடைக்கவில்லை. கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

பொடுகு அழுக்கும் அல்ல, வறட்சியும் அல்ல. மலசீசியா என்ற ஈஸ்ட் வகைப் பூஞ்சை எல்லோர் தலையிலும் குடியிருக்கிறது, உங்கள் தலையிலும் என் தலையிலும்கூட. அதற்குத் தேவையான கொழுப்பு அமிலங்களை அதனால் தானாகச் செய்துகொள்ள முடியாது. நம் தோலில் சுரக்கும் எண்ணெயை உடைத்துத் தின்றுதான் பிழைக்கிறது. தின்றது போக மிச்சம் விடும் ஒலீயிக் அமிலம் சிலருடைய தோலுக்கு ஒத்துக்கொள்வதில்லை. அந்தத் தோல் எரிச்சலில் வேகவேகமாக உரிகிறது. செல்கள் ஒவ்வொன்றாக உதிராமல் கொத்தாகப் பெயர்கின்றன. கண்ணுக்குத் தெரியும் செதில் அதுதான்.

ஏன் இந்த வயதில்? பச்சைக் குழந்தைக்குச் சில சமயம் உச்சியில் மஞ்சள் ஏடு கட்டுமே, நினைவிருக்கிறதா? அதுவும் இந்தக் குடும்பம்தான். பிறகு எண்ணெய்ச் சுரப்பிகள் அடங்கிப் பல வருடம் சும்மா இருக்கும். பருவ வயதில் ஹார்மோன்கள் அவற்றை எழுப்பிவிடும். உடனே பொடுகும் பருவும் கைகோத்து வரும். தலையோடு நிற்காமல் எண்ணெய் அதிகம் சுரக்கும் புருவம், மூக்கோரம், காதுமடலின் பின்புறம் என்று இறங்கும். நெற்றியோரம் வெளுத்தது தேமல் என்று பயப்படாதீர்கள். நம் நிறத் தோலில் இந்த அழற்சி வந்த இடம் சற்று வெளுத்துத் தெரிவது உண்டு. அடங்கினால் நிறம் மெல்லத் திரும்பிவிடும்.

இப்போது காலை எண்ணெய். தடவியதும் செதில் நனைந்து தோலோடு ஒட்டிக்கொள்வதால் போய்விட்டதுபோல் தோன்றும். உள்ளே பூஞ்சைக்குப் பந்தி போட்டாயிற்று. தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய், ஆலிவ் எண்ணெய் எதுவானாலும் இதே கதைதான்.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். முதலில் சாதாரண ஷாம்பு போட்டு எண்ணெயையும் அழுக்கையும் எடுத்துவிடுங்கள். பிறகு 2 சதவீதக் கீட்டோகோனசோல் ஷாம்பு. முடிக்கு இல்லை, தோலுக்கு. வகிடு வகிடாகப் பிரித்து விரல் நுனியால் தேய்க்க வேண்டும், நகத்தால் கீறக் கூடாது. கடிகாரத்தைப் பார்த்து ஐந்து நிமிடம் விட்டு அலசுங்கள். வழியும் நுரையைப் புருவத்திலும் காதின் பின்னாலும் தடவிக்கொள்ளலாம். கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வாரம் இரண்டு முறை, நான்கு வாரம். அதோடு நிறுத்திவிடாமல் வாரத்துக்கு ஒருமுறை, பிறகு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என்று தொடருங்கள். பூஞ்சையை அடியோடு ஒழிக்க முடியாது, அடக்கித்தான் வைக்க முடியும். நிறுத்தியதும் திரும்பி வந்தது அதனால்தான். உங்கள் மகள் எந்தத் தவறும் செய்யவில்லை. இதை அவளிடம் நீங்களே வாயைத் திறந்து சொல்லிவிடுங்கள்.

சீப்பைத் தனியாக வைக்கத் தேவையில்லை, இது ஒட்டாது. மொட்டையும் வேண்டாம். தோல் இருக்கும்வரை பூஞ்சை இருக்கும்.

நந்தியாவட்டை:

மருந்தாளுநர் தம்பி சொல்வது சரியாக இருக்கலாம். ஆனால் எண்ணெயே ஆகாது என்றால் எங்கள் தலைமுறை எப்படி இருந்தது? பொடுதலை என்று வரப்போரத்தில் படர்ந்து கிடக்கும். பேரிலேயே பொடுகும் தலையும் இருக்கிறது. அதை இடித்துச் சாறெடுத்து நல்லெண்ணெயில் காய்ச்சித் தேய்ப்போம். எனக்கு 67 வயது, பொடுகு என்று ஒருநாளும் உட்கார்ந்ததில்லை.

கடைத்தெரு மருந்தாளுநர்:

அம்மா, பொடுதலையை நான் குறை சொல்லவில்லை, சித்த வைத்தியத்தில் அதற்கு இடம் உண்டு. ஒன்று மட்டும் கேட்கிறேன். நீங்கள் எண்ணெய் தேய்த்த பிறகு எவ்வளவு நேரம் தலையில் விட்டீர்கள்?

நந்தியாவட்டை:

அரை மணி. அதற்குள் வெந்நீர் காய்ந்துவிடும். பிறகு அரப்போ சீயக்காயோ போட்டுத் தேய்த்தால் முடி கிறீச்சென்று சத்தம் போடும்வரை எங்கள் அம்மா விடமாட்டார். செவ்வாயும் வெள்ளியும் தவறியதே இல்லை.

கடைத்தெரு மருந்தாளுநர்:

இதைத்தான் எதிர்பார்த்தேன். நீங்கள் வாரம் இருமுறை எண்ணெயை வைத்து வாரம் இருமுறை முழுவதுமாக எடுத்தும் விட்டீர்கள். இப்போது முதல் பாதியை மட்டும் வைத்துக்கொண்டு இரண்டாவது பாதியை விட்டுவிட்டோம். ஆறு நாள் எண்ணெய், ஒரு நாள் குளியல். இரட்டைச்சடை அம்மா, செவ்வாய், வெள்ளி என்றே வைத்துக்கொள்ளுங்கள். மாமியாரும் மறுக்க மாட்டார்.

இரட்டைச்சடை அம்மா:

அதைச் சொன்னதும் என் மாமியார் சிரித்தேவிட்டார். ஆனால் செவ்வாய்க்கிழமை பள்ளி இருக்கிறதே ஐயா. ஈர முடியை எப்படிப் பின்னுவது? எண்ணெய் இல்லாமல் போனால் வாசலில் நிறுத்துவார்கள்.

புதுக்குளம்:

அக்கா, என் தங்கை மாலையில் பள்ளி விட்டு வந்ததும் குளிப்பாள். துண்டால் முறுக்காமல் ஒற்றி எடுத்துவிட்டு, மின்விசிறிக்கு அடியில் தலையை விரித்துப் போட்டுப் படிப்பாள். எட்டு மணிக்குள் காய்ந்துவிடும். ஈரத்தோடு மட்டும் பின்னாதீர்கள், நாற்றம் வந்துவிடும். எண்ணெயைக் காதுக்குக் கீழே சடைப் பகுதியில் மட்டும் தடவினால் பார்ப்பதற்குப் படிந்துதான் இருக்கும். வகிட்டைத் தொட்டுப் பார்த்து யாரும் சோதிக்கப் போவதில்லை.

(தண்ணீர் விஷயத்தில் நான் தோற்றேன். முடி கொட்டுவதற்குத் தனி இழை போடுகிறேன்.)

முள்ளுவாடி:

ஒரு எச்சரிக்கை. என் மகனுக்குப் பத்து வயதில் இப்படித்தான் பொடுகு என்று நினைத்து மூன்று மாதம் ஷாம்பு போட்டோம். கடைசியில் அது தலையில் வரும் படர்தாமரை. வட்டமாக ஓரிடத்தில் முடி குட்டையாக ஒடிந்திருந்தது, கழுத்தின் பின்னால் நெறி கட்டியிருந்தது. அதற்கு ஷாம்பு போதாது, உள்ளுக்கு மாத்திரை வேண்டும். பெரும்பாலும் சிறு பிள்ளைகளுக்குத்தான் வரும் என்றார் மருத்துவர். இருந்தாலும் வெளிச்சத்தில் உட்கார வைத்து ஒருமுறை முழுத் தலையையும் பாருங்கள்.

இரட்டைச்சடை அம்மா:

இன்று மாடியில் வெயிலில் உட்கார வைத்துப் பார்த்தேன். முடி எங்கும் ஒடியவில்லை, நெறியும் இல்லை. ஆனால் வலது காதின் பின்னால் ஐந்து ரூபாய்க் காசு அளவுக்குத் தடிப்பாக, வெள்ளியைப் போலப் பளபளக்கும் செதில். பெயர்த்தால் ரத்தம் கசிகிறது. எனக்குக் கை நடுங்கிவிட்டது. என் தம்பிக்கு முழங்கையில் சொரியாசிஸ் என்ற செதில் உரியும் தோல் நோய் உண்டு.

கடைத்தெரு மருந்தாளுநர்:

பெயர்க்காதீர்கள். இதற்கு நான் பதில் சொல்லக் கூடாது. தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தோல் பிரிவு இருக்கும், காலையிலேயே போய்ச் சீட்டு வாங்கினால் போதும். தம்பிக்கு இருப்பதை மறக்காமல் சொல்லுங்கள். நகத்தில் ஊசி குத்தியதுபோல் குழிகள் உண்டா, முழங்கை முழங்காலில் செதில் உண்டா என்று வீட்டிலேயே பார்த்துவிட்டுப் போங்கள்.

இன்னொன்று. இடைப்பட்ட நாளில் எந்தக் கடையிலும், எங்கள் கடை உட்பட, “ஒரு களிம்பு கொடுங்கள்” என்று கேட்டு வாங்கிப் பூச வேண்டாம். அப்படிக் கொடுப்பதில் பல, ஸ்டீராய்டு கலந்தவை. இரண்டு நாளில் மாயம்போல் அடங்கும். மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலியும், நிறுத்தினால் முன்பைவிடக் கிளம்பும். வந்திருப்பது என்னவென்று மருத்துவர் பார்த்துச் சொல்லவும் முடியாமல் போகும்.

இரட்டைச்சடை அம்மா:

ஆறு வாரம் கழித்து வருகிறேன், மன்னியுங்கள். நடுவில் முழு ஆண்டுத் தேர்வு.

மருத்துவர் நகம், முழங்கை, முழங்கால் எல்லாம் பார்த்தார். குழி இல்லை. தலையிலும் புருவத்திலும் இருப்பது செபோரிக் டெர்மடைட்டிஸ், பொடுகின் அண்ணன் என்றார். காதின் பின்னால் இருப்பது சொரியாசிஸின் தொடக்கமாக இருக்கலாம், இல்லாமலும் போகலாம், குடும்பத்தில் இருப்பதால் கவனிப்போம் என்றார். அந்த இடத்துக்கு மட்டும் செதிலை இளக்க ஒரு சாலிசிலிக் அமில லோஷன், பிறகு இரண்டு வாரத்துக்கு ஒரு ஸ்டீராய்டு லோஷன். இரண்டு வாரம் என்பதைச் சீட்டில் வட்டம் போட்டுக் காட்டினார். ஷாம்புவை நீங்கள் சொன்னபடியே தொடரச் சொல்லிவிட்டார்.

முதல் வாரம் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாம் வாரம் அரிப்பு நின்றது. நான்காம் வாரத்தில் சீருடை சுத்தம். புருவமும் தெளிந்துவிட்டது. காதின் பின்னால் தடிப்பு மெலிந்திருக்கிறது, முழுவதும் போகவில்லை. அடுத்த மாதம் மறுபடி காட்ட வேண்டும். ஐந்து நிமிடத்துக்குக் குளியலறை வாசலில் உட்கார்ந்து என் மாமியார்தான் கைப்பேசியில் மணி பார்க்கிறார்.

இரட்டைச்சடை அம்மா:

இது நான், மகள். அம்மா இட்லிக்கு அரைத்துக்கொண்டிருக்கிறார். எல்லோருக்கும் நன்றி. நான் அசுத்தமாக இருக்கிறேன் என்று நினைத்திருந்தேன். ஒரு சந்தேகம். கோடை விடுமுறையில் முடியைத் தோள் வரை வெட்டிக்கொள்ளலாமா? பொடுகுக்கு நல்லதா?

கடைத்தெரு மருந்தாளுநர்:

பொடுகுக்கு நல்லதும் இல்லை, கெடுதலும் இல்லை பாப்பா. தேய்ப்பதும் காய்வதும் எளிதாகும், ஷாம்பு கொஞ்சம் மிச்சமாகும். உனக்குப் பிடித்தால் வெட்டிக்கொள். பொடுகைச் சாக்காகச் சொல்ல வேண்டாம். பாட்டி இந்த இழையைப் படித்தால் நான் மாட்டிக்கொள்வேன்.

நந்தியாவட்டை:

பாட்டிகள் படித்துக்கொண்டுதான் இருக்கிறோம். தோளுக்குக் கீழே நான்கு விரல் விட்டு வெட்டு. சடை பின்ன வரும்.